இன்று வழுக்கினீர்களா?

நூற்றுப் பதினேழு நாட்கள் நான் ஒரு மனிதரிடம் பொய் சொன்னேன். நாளுக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு, தவறாமல். அவரோ காஞ்சிபுரத்தின் எல்லைக்குள் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். முப்பத்தாறு ஆண்டுகள் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். இந்த ஊரில் பாதிப்பேருடைய பொய்கள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. ஆகவே இந்த விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும்.

அவரை எல்லோரும் அட்டை என்பார்கள். குடும்ப அட்டையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தொழில் பட்டுப் புடவை டிசைனுக்கு அட்டை அடிப்பது. கட்டம் போட்ட தாளில் வரைந்திருக்கும் மயிலையும் யாளியையும் பார்த்துப் பார்த்து, நீள அட்டையில் துளை துளையாக அடித்துத் தள்ளுவார். அந்த அட்டைகளைத் தறிக்கு மேலே மாட்டினால், துளை உள்ள இடத்தில் நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. கீழே மயில் வந்துவிடும். துளை அடிக்கும் மிஷினில் கை விரல்கள் பொத்தான்களை அழுத்த, வலது கால் மிதிக்க வேண்டும். பெயர் தொழிலால் வந்தது. நிலைத்ததற்குக் காரணம் வேறு: ஒட்டிக்கொண்டால் விடமாட்டார்.

பீடியும் அவரிடம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயின் இடது ஓரத்தில் பீடி, கண் தாளில், கால் மிதியில். சாம்பல் ஒரு நாளும் அட்டையில் விழுந்ததில்லை. நேரத்தையே அவர் பீடியால்தான் அளப்பார். டிசைன் கொண்டுவருபவரிடம் தாளைத் தூக்கிப் பார்த்து, "இது சின்ன பூவு, அஞ்சு பீடி வேல. சாயந்திரம் வா" என்பார். பெரிய முந்தானையாக இருந்தால், "யாளி, அன்னம் எல்லாம் இருக்குதே. ரெண்டு கட்டு ஆவும்பா. வெள்ளிக்கெழம வா" என்பார். பிள்ளையார்பாளையத்தில் நெசவு செய்கிறவர்கள் அனைவரும் இந்த அளவையை ஒப்புக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் தவறலாம், அட்டையின் பீடி தவறாது.

நான் சிகரெட் ஆள். பத்திர வேலை முடிந்ததும் அவருடைய அறைக்குப் போய், அவர் பீடிக்கு நானும் என் சிகரெட்டுக்கு அவரும் நெருப்புக் கொடுத்துக்கொள்வதில் எங்கள் சிநேகம் வளர்ந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். இருந்தும் நான் எம்.ஏ. படித்தவன் என்பதால் என்னை "சார்" என்பார். அதே வாக்கியத்தில் "நீ" என்றும் சொல்வார். இரண்டும் அவருக்கு மரியாதைதான்.

சென்ற ஆண்டு அவருடைய வலது கால் சுண்டு விரல் கறுக்க ஆரம்பித்தது. அரசு மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, பீடியால் காலின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். "பீடி வேணுமா, கால் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் கால் என்றுதான் உடனே சொல்வார்கள். இவர், "கொஞ்சம் யோசிச்சு சொல்றேம்மா" என்றார். பொய் வராத வாய்.

மறுநாள் என்னிடம் வந்தார்.

"டாக்டரம்மா எனக்கு ஆப்பு வெச்சுட்டாங்க சார்."

"எங்கண்ணே?"

"போன்ல."

அவருடைய மகள் வாங்கிக் கொடுத்த போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார் டாக்டரம்மா. புகையை விட உதவும் செயலி. தினமும் ஆறு மணிக்குக் கேள்வி கேட்கும்; உண்மையைச் சொல்ல வேண்டும்; விட்ட நாட்களை எண்ணிக்கொண்டே வரும். எங்கேயோ வேறு மொழியில் செய்து, யாரோ அவசரமாகத் தமிழாக்கிவிட்டிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே "உங்கள் துணையைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது. கூடவே புகையை விடப்போகும் நண்பர் ஒருவரைச் சேர்க்கச் சொல்கிறது என்பது அதன் பொருள். அட்டை என் பெயரைச் சேர்த்துவிட்டார். அவர் மனைவி பட்டம்மாள் என் வீட்டுக்கே வந்து பிடித்துக்கொண்டார்.

"நாப்பது வருசமா வடிச்சுக் கொட்டிக்கினு இருக்கறது நானு. துணைன்னு கேட்டா சார் பேரப் போட்டுக்கினு வந்திருக்குது இந்த மனுசன். நீயே வந்து சோறாக்கிப் போடு சார்."

அட்டை அதைக் காதில் வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வுட்டா நானும் வுட்டுடுவேன் சார். நீ படிச்சவன். முன்னாடி நீ போ, பின்னாடி நான் வந்துடறேன்."

"விட்டுடலாம் அண்ணே" என்றேன். என் போனிலும் செயலியைப் போட்டுக்கொண்டேன். அவர் எண்ணிக்கை என் போனில் தெரியும், என்னுடையது அவர் போனில் தெரியும்.

முதல் நாள் நான் உண்மையாகவே புகைக்கவில்லை. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடிக்குப் போனேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். இறங்கும்போது வாசனை தெரியாமலிருக்க ஏலக்காய் மென்றேன். ஆறு மணிக்குப் போன் கேட்டது, பெரிய எழுத்தில்: "இன்று வழுக்கினீர்களா?"

புகைத்தீர்களா என்று நேராகக் கேட்டிருந்தால் ஒருவேளை நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். வழுக்கினீர்களா என்றது. பத்திரம் எழுதுபவனிடம் இப்படி ஒரு வார்த்தையைக் கொடுக்கக் கூடாது. வார்த்தைக்குள் ஒளிந்துகொள்ளத்தான் நான் தொழில் கற்றிருந்தேன். நான் எங்கே வழுக்கினேன்? நேராக, இரண்டு காலையும் ஊன்றி நின்றுதானே புகைத்தேன்? "இல்லை" என்று அழுத்தினேன். "அருமை! நீங்கள் ஒரு வீரர்!" என்றது போன்.

அடுத்த ஒரு வாரம் அட்டையின் கண்ணில் படாமல் இருந்தேன். என் போனில் அவர் எண்ணிக்கை நான்கு, ஐந்து, ஆறு என்று ஏறியது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் மனிதர் சாதித்துவிட்டார், எம்.ஏ. படித்தவன் தொட்டிக்குப் பின்னால் நிற்கிறான் என்று கூச்சமாக இருந்தது. பத்தாம் நாள் தாங்க முடியாமல் அவர் அறைக்குப் போனேன்.

அட்டை வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போன், அதில் வெண்கலப் பதக்கம் மின்னிக்கொண்டிருந்தது.

"வா சார்! ஒம்போது நாளு. ஒரு வாட்டி கூட வழுக்கல!"

நான் பீடியையும் பதக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"காலுக்காவத்தானே இந்த ஆப்பு? அதான் தெனமும் வழுக்குனியா, வழுக்குனியான்னு கேக்குது. அக்கறையான புள்ளைங்க. நானும் ஜாக்கிரதையா நடக்கறேன். குளிக்கச்சொல்ல பட்டம்மா கைய புடிச்சுக்கறேன்."

மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, வழுக்கறதுன்னா கீழ வுழறது இல்ல. பீடி குடிச்சீங்களான்னு கேக்குது."

பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "அப்ப பீடின்னே கேக்க வேண்டியதுதானே?"

"மரியாதையாக் கேக்கறாங்க."

"மரியாதையாக் கேக்கறேன்னு ஒம்போது நாளு என்னப் பொய் சொல்ல வெச்சுட்டாங்களே சார்!"

அவர் முகம் போன போக்கை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கணத்தில் நானும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நானோ சொற்பொருள் விளக்கம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை அவர் மருத்துவமனையில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "டாக்டரம்மா, நான் ஒம்போது நாளு பொய் சொல்லிட்டேன்" என்றாராம். டாக்டரம்மா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. நேராக அறைக்கு வந்து ஒரு புது அட்டையை எடுத்தார். ஒரு நாளுக்கு ஓர் இடம். பீடி குடித்த நாளுக்குத் துளை, குடிக்காத நாளுக்கு வெற்றிடம். முந்தின நாளையும் சேர்த்துப் போன பத்து நாளுக்கும் பத்துத் துளைகளை அடித்து, மிஷினுக்கு மேலே ஆணியில் மாட்டினார். "போனு ஏமாறும் சார். அட்ட ஏமாறாது."

பிறகுதான் நிஜமான போராட்டம். பீடி இல்லாத வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்றை வாய் ஓரத்தில் வைத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் அதற்குத் தீக்குச்சி கிழித்து மீசையின் ஒரு பக்கத்தைச் சுட்டுக்கொண்டார். வேலைக்கு நேரம் சொல்லவும் முடியவில்லை. டிசைனைப் பார்த்து, "இது... இது..." என்று தவிப்பார். வந்தவர், "அஞ்சு பீடியா நைனா?" என்று கேட்டால், "பேர சொல்லாதடா, ஏறுது!" என்று கத்துவார்.

ஆசை ஏறும்போதெல்லாம் செயலியின் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். அது நான்கு அறிவுரை சொல்லும்: தண்ணீர் குடியுங்கள், நடந்து செல்லுங்கள், ஆழ்ந்து மூச்சு விடுங்கள், உங்கள் துணையை அழையுங்கள். அட்டை நான்காவதிலிருந்து ஆரம்பிப்பார். நான் குளிக்கும்போது, சாப்பிடும்போது, தாமலில் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும்போது.

"சார், ஏறுது."

"தண்ணி குடிங்க அண்ணே."

"ஒரு சொம்பு ஆச்சு."

"கொஞ்சம் நடங்க."

"நடந்துக்கினுதான் பேசறேன். உன் வூட்டு வாசல்லதான் நிக்கறேன்."

அப்படி ஒரு நாள் அவர் கூப்பிட்டபோது நான் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். ஒரு கையில் போன், மறு கையில் சிகரெட். "மனச அடக்குங்க அண்ணே" என்று சொல்லிக்கொண்டே புகையை நீளமாக வெளியே விட்டேன்.

"இதான் சார்! இந்த மூச்சுதான்! எவ்ளோ நீட்டா வுடற பாரு, போன்லயே கேக்குது. இன்னொரு தபா வுடு, நானும் கூடவே வுடறேன்."

இன்னொரு தடவை விட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அவருக்கு ஐந்து நாள் வரும், ஒரு பீடி பிடித்துவிடுவார், ஆறு மணிக்கு "ஆம்" என்று அழுத்துவார், எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும். பதினொரு நாள், மறுபடி பூஜ்யம். யாரும் பார்க்காமல் குடித்த பாதி பீடிக்குக்கூட முழுத் துளை அடித்தார். என் எண்ணிக்கை மட்டும் ஐம்பது, அறுபது, எழுபது என்று மலை ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவர் பொறாமைப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். பெருமைப்பட்டார். போனைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். "எழுவது நாளு! சாருக்கு நெஞ்சுல இரும்பு வெச்சிருக்குது."

நூறாவது நாள் சம்பங்கி மாலையுடன் வீட்டுக்கே வந்துவிட்டார். கூட டீக்கடைக்காரர், மாகறலிலிருந்து அட்டை வாங்க வந்த நெசவாளி ஒருவர், இன்னும் நான்கு பேர். எல்லோரும் புகைப்பவர்கள். "சார் ரெண்டு வார்த்த சொல்லட்டும், கேட்டுட்டு நீங்களும் வுடுங்கடா" என்றார். மாலையைப் போட்டுக்கொண்டு பேசினேன். 'மன உறுதி' என்ற சொல் என் பேச்சில் ஏழு முறை வந்தது. எல்லோரும் போன பிறகு என் மனைவி மாலையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "அந்த மனுஷன் கையால இத்த வாங்கிக்கினு, கழுத்து கூசல உங்களுக்கு?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஏலக்காய் வாசனை கணவர்களை மட்டுமே ஏமாற்றும்.

அதன் பிறகு அட்டை இருபத்து மூன்று நாட்களைத் தொட்டார். அவர் வாழ்நாளிலேயே அதிகம் அதுதான். இருபத்து நான்காம் நாள் மழை விட்ட மதியம், சர்வதீர்த்தக் குளத்துப் படியில் கால் கழுவ இறங்கியவர் பாசியில் வழுக்கி நான்கு படி கீழே போய் உட்கார்ந்தார். இடுப்பில் அடி, கறுத்த விரலிலும் அடி.

ஆறு மணிக்குப் போன் கேட்டது. இன்று வழுக்கினீர்களா?

அட்டை "ஆம்" என்று அழுத்தினார்.

இருபத்து மூன்றும் போய்ப் பூஜ்யம் நின்றது. பட்டம்மாள் எனக்குப் போன் செய்தார். ஓடினேன்.

"என்னண்ணே, பீடிதானே குடிக்கல? அது பீடியத்தான் கேக்குதுன்னு அன்னிக்கே சொன்னேனே?"

"நீ சொன்னதும் அர்த்தம், எழுதியிருக்கறதும் அர்த்தம் சார். வழுக்குனியான்னு கேக்குது. நான் வழுக்குனேன். இல்லன்னு எப்டி அமுக்கறது? வெரலு வரமாட்டேங்குது."

அவர் குரலில் வழக்கமான முறுக்கு இல்லை. மதியமே மருத்துவமனையில் காட்டியதில் அடிபட்ட விரல் இனி ஆறாது என்று சொல்லிவிட்டார்கள் என்றும், திங்கட்கிழமை அதை எடுத்துவிடப் போகிறார்கள் என்றும் சொன்னார். பீடியை அறவே விட்டால்தான் மீதிக் கால் நிற்குமாம். இல்லாவிட்டால் அடுத்தது பாதம். பாதம் இல்லாமல் மிஷினை மிதிக்க முடியாது.

"என்னால ஆவாது சார். உன்னப் பாத்துதான் இத்தினி நாளு ஓடிக்கினு வந்தேன். உனக்கு நூத்திப் பதினெட்டு. ஒரு நாளு கூடத் தடுமாறல. அது ரத்தத்துல இருக்கணும். எனக்கு இல்ல. எடுத்துக்கட்டும், காலயும் எடுத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பழைய பீடியை எடுத்து, தீப்பெட்டியைத் தேடினார்.

என்னுடைய பொய்க்கு ஒரு பாதத்தின் எடை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைய கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. போனை எடுத்தேன். "ஆம்" என்பதை அழுத்தினேன். நூற்றுப் பதினெட்டு மறைந்து பூஜ்யம் வந்தது. அவருடைய போன் சிணுங்கியது. பற்றவைக்காத பீடியுடன் அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்: "உங்கள் துணை வழுக்கிவிட்டார்."

அட்டை சடாரென்று குனிந்து என் காலைப் பிடித்தார். "எங்க சார் வுழுந்த? வர்ற அவசரத்துல வுழுந்துட்டியா? அடி பட்டுச்சா? பட்டம்மா, தைலத்த எடு!"

அந்த மனிதரின் தலை என் முழங்காலுக்குக் கீழே இருக்க, நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியைச் சொன்னேன், ஏலக்காயைச் சொன்னேன், மூச்சுப் பயிற்சியைச் சொன்னேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நூத்திப் பதினெட்டு நாளுமா?"

"முதல் நாள் மட்டும் நிஜம்."

"நான் உனக்கு மால போட்டனே சார்."

அவ்வளவுதான் சொன்னார். பீடியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பட்டம்மாள் தைலத்தோடு வந்து நின்று, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "யாருக்குத் தேய்க்கணும்?" என்று கேட்டார். நான் வெளியே வந்தேன்.

மறுநாள், எனக்கு மாலை போட்ட அன்று வந்திருந்த ஒவ்வொருவரையும் தேடிப் போனேன். மாகறலுக்குப் பஸ் ஏறிப் போய் அந்த நெசவாளியிடம் சொன்னேன். அவர், "நீ பேசினதக் கேட்டுட்டு நான் நெசமாவே வுட்டுட்டேனே சார், இப்ப இன்னா பண்றது?" என்று விழித்தார். டீக்கடைக்காரருக்கு அதிர்ச்சியே இல்லை.

"தெரியும் சார். என் கடையிலர்ந்து பாத்தா உன் மொட்ட மாடிதான் தெரியுது. தொட்டிக்குப் பின்னால அடுப்பு கிடுப்பு வெச்சுக்கினு இருக்கியான்னு கேக்கலாம்னுகூட நெனச்சேன். அட்டைக்கு மட்டுந்தான் தெரியாது. அதுகிட்ட யாரு சொல்றது?"

திங்கட்கிழமை விரலை எடுத்தார்கள். மருத்துவமனைக்குப் போனேன். அட்டை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் போனேன், மறுநாளும் சுவர். ஒட்டிக்கொள்ளும் வித்தையை அவரிடம்தான் கற்றிருந்தேன். மூன்றாம் நாளும் போனேன்.

வீட்டுக்கு அனுப்பிய இரண்டாம் நாள், காலில் கட்டோடு ஷேர் ஆட்டோவில் அவரே என் வாசலில் வந்து இறங்கினார். கையில் இரண்டு அட்டைகள். ஒன்றை என்னிடம் நீட்டினார். வரிசை வரிசையாகத் துளைகள்.

"உன்னுது. எண்ணிக்கோ. நூத்திப் பதினேழு."

"முதல் இடத்துல துளை இல்லையே அண்ணே?"

"மொத நாளு நெசமாத்தானே இருந்த? அத்த எதுக்குக் கெடுக்கணும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இரண்டாவது அட்டையைக் கொடுத்தார். ஒரு துளையும் இல்லாத புது அட்டை.

"பொய்யி சொன்னது தப்புதான். நாலு நாளு உன் மேல அப்டி ஒரு கோவம். ஆனா ஒண்ணு சார். இரும்பு மனுசனுக்குப் பின்னாடி ஓடறப்ப எனக்கு மூச்சு வாங்குச்சு. நீயும் என்ன மாதிரி நோஞ்சான்னு தெரிஞ்சப்புறம் ஏறவே மாட்டேங்குது. அன்னிக்கு எடுத்த பீடிய இன்னும் பத்த வெக்கல, பாரு." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நசுங்கிப்போய் இருந்தது. "ரெண்டு பேரும் பூஜ்யம். வா, போலாம்."

இன்று அவருக்கு இருநூற்று நாற்பது நாட்கள் ஆகின்றன. பாதம் நிற்கிறது, மிஷின் ஓடுகிறது. நேரத்தை இப்போது தார்க்குச்சியால் அளக்கிறார். ஒன்றைக் கடித்துத் துப்பும் நேரம் ஒரு குச்சி. பிள்ளையார்பாளையம் அதையும் ஒப்புக்கொண்டுவிட்டது.

என்னுடைய எண்ணிக்கை பதினாறு. அந்த நாளுக்குப் பிறகு நான்கு முறை பூஜ்யத்துக்குப் போயிருக்கிறேன். நான்கு முறையும் "ஆம்" என்று அழுத்தினேன். அழுத்திய கால் மணி நேரத்துக்குள் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். பட்டம்மாளின் தைலப் புட்டியுடன் அட்டை இறங்குவார். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அவருக்கு இப்போது நன்றாகவே தெரியும். இருந்தும் ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான்: "எங்க சார் வுழுந்த? அடி பட்டுச்சா?"

கேட்டுவிட்டுக் குனிந்து என் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறார். பத்தும் இருக்கிறதென்று தெரிந்த பிறகுதான், ஒன்பது விரல்களோடு நிமிர்ந்து சிரிக்கிறார்.